நாடகத்தில் நடித்தவர்கள் பெயரையும் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மனோரமாவின் நினைவு நாளையொட்டித் தங்கள் நாளிதழில் அரைப் பக்கத்துக்கு வந்திருந்த கட்டுரையைப் படித்தேன். படங்கள் நன்றாக இருந்தன. ஐந்து முதல்வர்களோடு நடித்தவர், ஆயிரம் படம் தாண்டி கின்னஸில் இடம் பிடித்தவர், 1989-ல் வந்த புதிய பாதை படத்துக்குத் தேசிய விருது வாங்கியவர், 2002-ல் பத்மஸ்ரீ என்று சொல்ல வேண்டியதையெல்லாம் சொல்லிவிட்டீர்கள். ஆனால் அவருடைய நாடக வாழ்க்கைக்குக் கொடுத்த இடம் ஒரே வரி. சிறு வயதில் நாடகங்களில் நடித்து வந்தவர் 1958-ல் மாலையிட்ட மங்கை படத்தின் மூலம் அறிமுகமானார் என்று போட்டு முடித்துவிட்டீர்கள். அடுத்த வரியிலேயே கோடம்பாக்கம் வந்துவிடுகிறது.

அந்த ஒரு வரிக்குள் என்ன இருக்கிறது என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளும். இடம் பத்தாமல் வெட்டுவதாக இருந்தால் என்னைப் பற்றிய சங்கதியை வெட்டிக்கொள்ளுங்கள், நாடகத்தில் கை வைக்காதீர்கள்.

நான் பள்ளத்தூருக்குப் பக்கத்து ஊர்க்காரன். கோயில் திருவிழாக்களில் விடிய விடிய நடக்கும் ஸ்பெஷல் நாடகங்களுக்கு ஆர்மோனியம் வாசித்துப் பிழைத்தவன். எங்கள் வட்டாரத்தில் பெட்டிக்காரர் என்றால் தெரியும், பின்பாட்டு என்றும் சொல்வார்கள். இப்போது விரல் முன்னைப் போல ஓடுவதில்லை. பழகிய ஆட்கள் கூப்பிட்டால் மட்டும் போய் வருகிறேன். மனோரமா மேடையேறிய காலத்தில் நான் பிறந்திருக்கவே இல்லை. அவருக்கு நான் வாசித்தேன், அவரை எனக்குத் தெரியும் என்றெல்லாம் கதை விடப் போவதில்லை. ஆனால் அவர் எந்தத் தண்ணீரைக் குடித்து வளர்ந்தாரோ அதே தண்ணீரைத்தான் நானும் குடித்தேன்.

மன்னார்குடியில் 1937-ல் பிறந்தவர். பெற்றோர் வைத்த பெயர் கோபிசாந்தா. குடும்பத்தில் பிரிவு வந்ததும் தாயார் ராமாமிர்தம் குழந்தையைத் தூக்கிக்கொண்டு பள்ளத்தூருக்கு வந்து சேர்ந்தார். எங்கள் பக்கத்துப் பெரிய வீடுகளைப் பற்றி உங்கள் ஞாயிறு மலரில் வருஷத்துக்கு ஒரு தடவையாவது எழுதிவிடுகிறீர்கள். பர்மா தேக்கு, ஆத்தங்குடிக் கல், முகப்பு, வளவு எல்லாம் வரும். வளவையும் இரண்டாம் கட்டையும் தாண்டி அடுப்படிப் பக்கம் நின்று வேலை பார்த்தவர்களைப் பற்றி எழுதினால் அதுவும் செட்டிநாடுதான். ராமாமிர்தம் அம்மாள் வீட்டு வேலை செய்துதான் மகளை வளர்த்தார். அவருக்கு உடம்பு முடியாமல் போனதும் மகளும் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு வீட்டு வேலைக்குப் போனார். 1986-ல் வந்த சம்சாரம் அது மின்சாரம் படத்தில் வேலைக்காரி கண்ணம்மாவாக அவர் வந்ததை எல்லோரும் சிரித்துக்கொண்டே பார்த்தோம். இன்னொரு தடவை டிவியில் போட்டால் சிரிக்காமல் பாருங்கள். பெரிய மனிதர்கள் பேசும் கூடத்தில் எந்த இடத்தில் நிற்பது, எப்போது வாயைத் திறப்பது, திறந்த பிறகு எதிராளிக்கு இடம் கொடுக்காமல் எப்படி முடிப்பது என்று அந்தக் கண்ணம்மாவுக்கு அத்தனையும் தெரியும்.

அப்போது எங்கள் வட்டாரத்தில் சினிமாவும் எட்டாத தூரத்தில் இல்லை. ஏவி.மெய்யப்பன் காரைக்குடிக்காரர். 1940-களில் தேவகோட்டை ரஸ்தாவில் கொட்டகை போட்டு ஸ்டுடியோ நடத்தினார். 1947-ல் வந்த நாம் இருவர் அங்கே எடுத்த படம். பள்ளத்தூரிலிருந்து அது மாட்டு வண்டி தூரம்தான். ஆனால் வீட்டு வேலை பார்க்கும் சிறுமிக்கு அந்த வாசல் திறக்கவில்லை. நாடகம்தான் திறந்தது.

பள்ளத்தூருக்கு ஒரு நாடகக் குழு வந்தது. சின்ன வேடம் ஒன்றில் நடிக்க வேண்டியவருக்குப் பாட்டு வரவில்லை. ஊரில் நன்றாகப் பாடுகிற பெண் ஒருத்தி இருக்கிறாள் என்று கோபிசாந்தாவைக் கூட்டிவந்து நிறுத்தினார்கள். அப்போது அவருக்கு வயது 12. நடிப்புக்காக இல்லை, அழகுக்காக இல்லை, குரலுக்காகத்தான் முதல் மேடை கிடைத்தது. அப்புறம் பள்ளத்தூர் பாப்பா என்று ஊர் ஊராகப் பெயர் பரவியது. மனோரமா என்ற பெயரை வைத்தவர்கள் இருவர். ஒருவர் நாடக இயக்குநர் திருவேங்கடம். இன்னொருவர் ஆர்மோனியம் வாசித்த தியாகராஜன். இதை நான் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். உலகம் முழுக்கத் தெரிந்த ஒரு பெயரைச் சூட்டியதில் பாதிப் பங்கு ஒரு பெட்டிக்காரருக்கு உண்டு. எங்கள் ஆட்களுக்குக் கிடைத்த பெரிய பெருமை அதுதான். உங்கள் கட்டுரையில் அது இல்லை.

12 வயதில் ஏறியவர் சினிமாவுக்கு வரும்போது வயது 21. இடையில் இருக்கும் ஒன்பது வருஷத்தைத்தான் உங்கள் ஒரு வரி தாண்டிக் குதிக்கிறது. வைரம் நாடக சபாவில் நடித்தார். எஸ்.எஸ்.ராஜேந்திரன் நாடக மன்றத்தில் நடித்தார். அண்ணாவோடும் கருணாநிதியோடும் மேடையில் நின்றார். கருணாநிதியின் உதயசூரியன் நாடகத்தில் அவரே நாயகனாக வர, இவர் நாயகி. அடுக்குமொழி வசனத்தை மூச்சு விடாமல் பேச வேண்டிய காலம் அது. ஒரு எழுத்து தவறினாலும் கொட்டகையில் கடைசி வரிசையிலிருந்து சத்தம் வரும். ஐந்து முதல்வர்கள் என்று எல்லோரும் விரல் விட்டு எண்ணுகிறீர்களே, அதில் முதல் இருவர் மேடையில் வந்தவர்கள். எம்.ஜி.ஆரும் ஜெயலலிதாவும் என்.டி.ராமராவும் அப்புறம் திரையில் வந்தார்கள்.

அவர் நடித்தவை பெரும்பாலும் சபா நாடகங்கள், சமூக நாடகங்கள். நாங்கள் ஆடுவது வள்ளி திருமணமும் பவளக்கொடியும் அரிச்சந்திர மயான காண்டமும். நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் வகுத்துக் கொடுத்த வழி. இரண்டும் ஒன்றல்ல. சபாவில் ஒத்திகை உண்டு, வாத்தியார் உண்டு. எங்களுக்கு ஒத்திகையே கிடையாது. நாயகன் வேடம் போடும் ராஜபார்ட் புதுக்கோட்டையிலிருந்து வருவார், நாயகி வேடம் போடும் ஸ்திரீபார்ட் மதுரையிலிருந்து வருவார், கோமாளியாக வரும் பபூன் வேறு ஊர். சாயங்காலம் ஊர்க் கண்மாய்க் கரையில் பஸ்ஸை விட்டு இறங்கித்தான் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். ராத்திரி பத்து மணிக்கு மேடை. ஆனாலும் அந்தக் காலத்தில் நடிகர்கள் இரண்டு பக்கமும் போய் வந்தார்கள், வாத்தியக்காரர்களும் அப்படித்தான். குரலை வளர்த்த விதம் ஒன்றுதான்.

அந்த விதம் என்ன என்று கேட்பீர்கள். என் வாத்தியார் அடிக்கடி சொல்வார், பாட்டில் சுருதி விலகினால் காது உள்ளவனுக்குத்தான் தெரியும், வசனத்தில் சுருதி விலகினால் ஊருக்கே தெரியும் என்று. மேடையில் பேச்சும் சுருதியில்தான் நிற்க வேண்டும். பெண்கள் ஐந்து கட்டை, ஐந்தரைக் கட்டை என்று உயர்ந்த சுருதியில் பாடுவார்கள். ஆண்களுக்கு அது ஒத்து வராது. இருவர் எதிரெதிரே நின்று வாதாடும் தர்க்கத்தில் அவர் ஒரு கட்டை, இவர் ஒரு கட்டை என்று மாறி மாறிப் போகும்போது பெட்டிக்காரன் விரல் இரண்டு வீட்டுக்கும் ஓட வேண்டும். இதிலே வளர்ந்தவர்களின் பேச்சைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் எனக்குத் தெரிந்துவிடும். மனோரமா படத்தில் கத்திப் பேசுகிற இடத்தைக் கேளுங்கள். கத்தல் உச்சத்துக்குப் போகும், ஆனால் கிழியாது. வரியின் கடைசிச் சொல்லுக்கு முன்னால் மூச்சை வாங்கி வைத்துக்கொண்டு அந்தச் சொல்லை முழுசாகப் போடுவார். கைதட்டு வாங்குகிற இடம் என்று நாங்கள் சொல்வது அதைத்தான். கொட்டகையில் கைதட்டு அடங்கும்வரை காத்திருந்து அடுத்த வசனத்தை எடுப்பார்கள். படத்தில் யாரும் தட்டப் போவதில்லை என்று தெரிந்தும் அந்த இடைவெளியை விடுவார் பாருங்கள், தியேட்டரில் சரியாக அங்கே சிரிப்பு விழும். 1968-ல் வந்த பொம்மலாட்டம் படத்தில் சென்னைத் தமிழில் அவரே பாடினார். பள்ளத்தூரில் வளர்ந்தவருக்கு அந்த மெட்ராஸ் பாஷை எப்படி வந்தது? காதால் வந்தது. ஊர் ஊராகப் போய் நாடகம் போட்டவர்களுக்கு ஒவ்வொரு ஊர்ப் பேச்சும் காதில் தங்கிவிடும்.

சினிமாவுக்குள் அவர் லேசாக நுழைந்துவிடவும் இல்லை. முதலில் நடித்த இரண்டு படங்கள் பாதியில் நின்றுபோயின. அப்புறம்தான் கண்ணதாசன் எடுத்த மாலையிட்ட மங்கை. கண்ணதாசனும் நம்ம சிறுகூடல்பட்டிக்காரர்தான். அந்தப் படத்தின் நாயகன் டி.ஆர்.மகாலிங்கமும் நாடக மேடையிலிருந்து வந்தவர். மேடையில் கதாநாயகியாக நடித்துக்கொண்டிருந்த பெண்ணுக்குச் சிரிப்பு வேடம் கொடுத்தார்கள். தயக்கத்தோடு ஒப்புக்கொண்டதாக அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். 1963-ல் மாடர்ன் தியேட்டர்ஸ் கொஞ்சும் குமரி எடுத்தபோது கதாநாயகி வேடமும் கிடைத்தது. இருந்தாலும் சிரிப்பு நடிகை என்ற பெயர்தான் நிலைத்தது. நீங்களும் கட்டுரைக்கு நகைச்சுவை அரசி என்றுதான் தலைப்புக் கொடுத்திருக்கிறீர்கள். தப்பில்லை. ஆனால் மேடையில் அழவைத்துப் பழகியவர், பாடிப் பழகியவர், நாயகியாக நின்று பழகியவர் என்று தெரிந்துகொண்டு பார்த்தால் சிரிப்பு வேறு மாதிரி தெரியும். நடிகனில் சத்யராஜ் மேல் ஆசைப்படுகிற அந்த அம்மாளைப் பார்த்துச் சிரிக்கிறோம், அதே சமயம் பாவமாகவும் இருக்கிறது. எத்தனை பேரால் அது முடியும்?

தில்லானா மோகனாம்பாளைச் சொல்லாமல் விட முடியாது. 1968. சிவாஜி, பத்மினி, பாலையா, நாகேஷ் என்று ஒவ்வொருவரும் மலை. அதற்கு நடுவில் ஜில் ஜில் ரமாமணி. யார் இந்த ரமாமணி? நாடகக் கொட்டகையில் ஆடுகிற பெண். எங்கள் ஆள். இயக்கிய ஏ.பி.நாகராஜனும் சிறு வயதில் நாடகக் கம்பெனியில் சேர்ந்து பெண் வேடம் போட்டவர். அதனால்தானோ என்னவோ அந்தப் பாத்திரத்தைக் கேலிப்பொருளாக ஆக்கவில்லை. ஊர் அவளை எப்படிப் பார்க்கும் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்துதான் அந்தக் குலுக்கலும் இழுவையும். ஆனால் நாதஸ்வர வித்வானிடம் பேசும்போது அவளுக்குச் சங்கீதம் தெரியும் என்பதும், சங்கீதத்துக்கு முன்னால் அவள் குழந்தை என்பதும் வெளியே வந்துவிடும். பெரிய வித்வானுக்கு முன்னால் ஒரு கொட்டகை நடிகை எப்படி உட்காருவாள், எப்படிப் பேச்சை எடுப்பாள் என்பதையெல்லாம் பார்த்துப் படிக்க அவருக்கு வேறு இடம் தேவைப்படவில்லை. எங்கள் ஸ்திரீபார்ட்டுகள் அந்தப் படத்தை எத்தனை தடவை பார்த்திருப்பார்கள் என்று கணக்கே கிடையாது. சிரிப்பதற்காக மட்டும் பார்க்கவில்லை. தங்களைக் கௌரவமாகத் திரையில் பார்ப்பதற்காகவும் பார்த்தார்கள்.

பின்னாளில் சின்னத்திரைக்கும் வந்தார். டிவி சீரியல் எடுக்கிற இடத்தில் கேமராவுக்குப் பின்னால் ஒருவர் தாளைப் பார்த்து வசனத்தைச் சொல்லிக்கொடுப்பார், நடிப்பவர் அதைக் காதில் வாங்கித் திருப்பிச் சொல்வார். என் தங்கை மகன் கொஞ்ச நாள் அப்படி ஒரு படப்பிடிப்பில் லைட்பாயாக இருந்தான், அவன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். நாடகத்திலிருந்து வந்த பெரியவர்கள் மட்டும் தாளை ஒரு தடவை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுவார்களாம். விடிய விடிய வசனம் பேசியவர்களுக்கு அரைப் பக்கம் எம்மாத்திரம்! கல்யாணம், பிரிவு, மகன் என்று அவருடைய சொந்த வாழ்க்கையை ஆளாளுக்கு எழுதியாகிவிட்டது. அதில் எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை.

சரி, இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அந்த ஒன்பது வருஷம் ஏன் ஒரு வரியாகச் சுருங்கியது? கட்டுரை எழுதிய நிருபர் மேல் குற்றமில்லை. அவர் தேடிப் பார்த்திருப்பார், கிடைத்திருக்காது. 1950-களில் ஒரு கிராமத்து நாடகத்தில் நடித்த பெண்ணின் பெயரை எந்தப் பத்திரிகை போட்டது? படத்தில் நடித்தால் விளம்பரம் வரும், விமர்சனம் வரும், பாட்டுப் புத்தகம் வரும். நாடகத்துக்கு நோட்டீஸ் மட்டும்தான். நோட்டீஸ் மறுநாள் கடையில் பொட்டலம் மடிக்கப் போய்விடும்.

அது அந்தக் காலம் என்று விட்டுவிட முடியாது. இன்றைக்கும் அதேதான் நடக்கிறது. என் முன்னால் இப்போது இரண்டு தாள் இருக்கிறது. ஒன்று போன பங்குனியில் எங்கள் பக்கத்துக் கிராமத்து மாரியம்மன் கோயில் திருவிழாவுக்கு அடித்த நாடக நோட்டீஸ். ரோஸ் கலர் தாள். மேலே அம்மன் படம், அதற்குக் கீழே வள்ளி திருமணம் என்று கொட்டை எழுத்து. இடது பக்கம் ராஜபார்ட் படம், வலது பக்கம் ஸ்திரீபார்ட் படம். ஸ்திரீபார்ட் பட்டுச் சேலையில் கன்னத்தில் கை வைத்திருக்கிறார். பெயருக்கு முன்னால் தேன்குரல் பட்டம், பின்னால் ஊர்ப் பெயர். கீழே நாரதர், பபூன், டான்ஸ், ஆர்மோனியம், மிருதங்கம், ஆல்ரவுண்டு என்று எல்லோருக்கும் பெயர் உண்டு. சீன் செட்டிங் யாருடையது, மைக்செட் யாருடையது என்பதுகூட இருக்கிறது. கிராமத்துக்காரர்கள் யாரையும் விடவில்லை.

இன்னொன்று அந்தத் திருவிழாவைப் பற்றி ஒரு நாளிதழில் வந்த செய்தி. பூத்தட்டு, பால்குடம், அன்னதானம், கலந்துகொண்ட பிரமுகர்கள், பொன்னாடை போர்த்தியவர்கள், போர்த்திக்கொண்டவர்கள் என்று வரிசையாக வருகிறது. கடைசியில் 'இரவு வள்ளி திருமணம் நாடகம் நடைபெற்றது. ஏற்பாடுகளை விழாக் குழுவினர் செய்திருந்தனர்.' குழுவினர் பெயர் அத்தனையும் இருக்கிறது. பாடியவர் பெயர் ஒன்றுகூட இல்லை.

இதில் இன்னொரு வேடிக்கையையும் சொல்லியாக வேண்டும். சில வருஷத்துக்கு முன்னால் ஒரு ஊரில் நாடகம் ஆரம்பிக்கிற நேரத்தில் கோடை மழை கொட்டித் தீர்த்தது. மேடையில் தார்ப்பாய் கிழிந்து மிருதங்கம் நனைந்துவிட்டது. நாடகமே நடக்கவில்லை. பாதிச் சம்பளத்தை வாங்கிக்கொண்டு பள்ளிக்கூடத் தாழ்வாரத்தில் விடியும்வரை உட்கார்ந்திருந்தோம். மறுநாள் ஒரு நாளிதழில் நாடகம் நடைபெற்றது, திரளான பொதுமக்கள் கண்டு களித்தனர் என்று செய்தி. சாயங்காலமே செய்தியை அனுப்பிவிட்டால் வேறு எப்படி வரும்? எங்கள் பபூன் அதைக் கத்தரித்து வைத்துக்கொண்டு ரொம்ப நாள் மேடையிலேயே படித்துக் காட்டிச் சிரிக்க வைத்தார்.

அந்த ஒரு வரிக்குப் பின்னால் ஸ்திரீபார்ட் என்ன செய்கிறார் என்று உங்கள் நிருபர் ஒரு ராத்திரி வந்து பார்க்கட்டும். பபூனும் டான்ஸும் முடிந்து வள்ளி மேடைக்கு வரும்போது நடுநிசி தாண்டியிருக்கும். நாரதரோடு தர்க்கம், அப்புறம் வேலனோடு தர்க்கம். எழுதி வைத்த வசனம் கிடையாது. எதிராளி திருக்குறளில் ஒரு கேள்வி போட்டால் இவர் அதே சூட்டில் பதில் சொல்ல வேண்டும். சொல்கிற பதில் பாட்டாக மாற வேண்டும், பாட்டு என் பெட்டிச் சுருதியில் வந்து உட்கார வேண்டும். அதுவும் காரைக்குடிப் பக்கம் என்றால் லேசுப்பட்ட கூட்டம் இல்லை. வருஷா வருஷம் கம்பன் விழாக் கேட்டு வளர்ந்த ஊர். விருத்தத்தில் ஒரு சீர் தப்பினால் முன்வரிசைப் பெரியவர் அங்கேயே திருத்திவிடுவார். ஒரு தடவை திருத்தியே விட்டார். ராஜபார்ட் பாடிய ஒரு பாட்டில் சொல் மாறிப்போக, பெரியவர் எழுந்து நின்று சரியான சொல்லைச் சொன்னார். ராஜபார்ட் திகைத்து நிற்கிறார். வள்ளியாக நின்றவர் சட்டென்று, 'காட்டில் காவல் எனக்கு, தமிழுக்குக் காவல் எங்கள் அப்பச்சி' என்று அந்தப் பெரியவரைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு, அவர் சொன்ன சொல்லையே எடுத்து விருத்தமாகப் பாடினார். நான் பெட்டியில் ராகத்தைப் பிடிப்பதற்குள் அவர் பாதி வரி போய்விட்டார். கூட்டம் எழுந்து நின்று தட்டியது. ராஜபார்ட் அந்த இடைவெளியில் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துத் தெளிந்துவிட்டார்.

விடிந்து நாடகம் முடிந்ததும் அதே அம்மாள் முகத்தில் ரோஸ் பவுடரைத் தேங்காய் எண்ணெய் போட்டுத் துடைத்துவிட்டு, பையைத் தூக்கிக்கொண்டு முதல் பஸ்ஸுக்கு ரோட்டில் வந்து நிற்பார். டவுனில் வாடகைக்கு வீடு கேட்டால் என்ன தொழில் என்று கேட்பார்கள். நாடகம் என்று சொன்னதும் வீடு இல்லை என்பார்கள். இதை அவர் சிரித்துக்கொண்டுதான் சொல்வார். எனக்குச் சிரிப்பு வராது. ஆச்சி ஆச்சி என்று மனோரமாவை ஊரே சொந்தம் கொண்டாடுகிறது, அவர் வந்த வழியில் இன்னும் நடந்துகொண்டிருக்கும் பெண்ணுக்கு வாசல் கதவு திறப்பதில்லை. முதல் தமிழ்ப் பேசும்படம் என்று சொல்லப்படும் 1931-ன் காளிதாஸில் நாயகியாக நடித்த டி.பி.ராஜலட்சுமியும் நாடகக்காரர்தான். கே.பி.சுந்தராம்பாளும் நாடகக்காரர்தான். சினிமாவுக்குப் போன பிறகுதான் நாடகக்காரிக்கு மரியாதை என்றால், போகாதவர்கள் என்ன செய்வது?

அதனால் நான் கேட்பது பெரிய காரியம் இல்லை. மணிமண்டபம் கேட்கவில்லை, சிலை கேட்கவில்லை, அதையெல்லாம் கேட்க வேறு ஆட்கள் இருக்கிறார்கள். காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர், புதுக்கோட்டைப் பக்கத்து நிருபர்களுக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள். திருவிழாச் செய்தியில் நாடகம் என்று எழுதும்போது ராஜபார்ட் இன்னார், ஸ்திரீபார்ட் இன்னார், பபூன் இன்னார், ஆர்மோனியம் இன்னார் என்று பெயரைப் போடச் சொல்லுங்கள். ஒன்றரை வரிதான் கூடும். இடம் இல்லையென்றால் பொன்னாடை போர்த்தியவர்களில் நாலு பேரைக் குறைத்துக்கொள்ளலாம். பெயருக்காக நிருபர் ராத்திரி முழிக்கக்கூட வேண்டாம். டீக்கடைச் சுவரில் நோட்டீஸ் ஒட்டியிருக்கும், அதைப் போனில் ஒரு படம் எடுத்தால் போதும். நாடகம் நடந்ததா, மழையில் நின்றதா என்பதை மட்டும் காலையில் ஒரு போன் போட்டுக் கேட்டுக்கொள்ளட்டும்.

வாசகர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பள்ளத்தூர், கோட்டையூர், கானாடுகாத்தான், புதுவயல், கண்டனூர் பக்கத்துப் பழைய வீடுகளில் கல்யாணப் பத்திரிகை, மொய்ப் பேரேடு, கணக்கு நோட்டு எல்லாவற்றையும் மேல்மச்சில் டிரங்குப் பெட்டியில் போட்டு வைத்திருப்பார்கள். வீட்டை விற்கும்போதோ இடிக்கும்போதோ அதெல்லாம் எடைக்குப் போகிறது. போடுவதற்கு முன்னால் ஒரு தடவை புரட்டிப் பாருங்கள். 1950-களில் அடித்த நாடக நோட்டீஸ் ஏதாவது இருந்து, அதில் பள்ளத்தூர் பாப்பா என்றோ மனோரமா என்றோ பெயர் இருந்தால் தயவுசெய்து இந்தப் பத்திரிகை அலுவலகத்துக்குத் தெரிவியுங்கள். அந்த நோட்டீஸில் ஆர்மோனியம் யார் என்றும் பார்த்துச் சொல்லுங்கள். ஆசிரியர் வெளியிட இசைந்தால், என்னிடம் இருக்கும் பழைய நோட்டீஸ்களையும் கொண்டுவந்து காட்டுகிறேன். பஸ் செலவு என்னுடையது.

இப்படிக்கு,
ஒரு நாடக ஆர்மோனியக்காரர்,
கோட்டையூர், சிவகங்கை மாவட்டம்.